பூனைக்கும் ரத்த குரூப் இருக்கு! தெரியாமல் ஏற்றினால் முதல் முறையே உயிருக்கு ஆபத்து... ஏன்? முழு விவரம்

"அவசரம்! பூனைக்கு ரத்தம் தேவை. 4 கிலோவுக்கு மேல் எடை இருக்கணும். தடுப்பூசி போட்டிருக்கணும். ஆரோக்கியமான பூனை வைத்திருப்பவர்கள் உடனே தொடர்பு கொள்ளவும். ப்ளீஸ் ஷேர்..."

செல்லப்பிராணிகளுக்கான வாட்ஸ்அப் குரூப்களில் இருப்பவர்கள் இந்த மாதிரி மெசேஜைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அனுப்புபவரின் பதற்றமும் பாசமும் அதில் தெரியும். ஆனால் மிக முக்கியமான ஒரு விஷயம் விடுபட்டிருக்கும். அந்தப் பூனையின் ரத்த வகை என்ன? கொடுக்க வரும் பூனையின் ரத்த வகை என்ன?

"பூனைக்குக் கூடவா ரத்த குரூப்?" என்று கேட்கிறீர்களா? உண்டு. அதோடு, மனிதர்களுக்கு இருக்கும் ஒரு வசதி பூனைகளுக்கு இல்லை. நாய்களுக்குக் கிடைக்கும் ஒரு சலுகையும் பூனைகளுக்கு இல்லை. அது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஆரோவில்லில் ஒரு ராத்திரி...

ஒரு உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டம் ஆரோவில் பகுதியில் ஒரு வீடு. ராத்திரி 9 மணி. ரெண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடக்கிறது பூனை. வாயைத் திறந்து பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு, காகிதம் மாதிரி வெளுத்திருக்கிறது. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, "ரத்தம் ஏற்றினால்தான் தாங்கும்" என்கிறார்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கொஞ்ச தூரத்தில் புதுச்சேரி. வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, சென்னை வேப்பேரிக்கு ஏறத்தாழ 150 கி.மீ. வேப்பேரியில் இருப்பது 1903-ல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி. நாய்களுக்கான ரத்த வங்கி அங்கே பல ஆண்டுகளாகச் செயல்பட்டு வருகிறது. பூனைக்கு ரத்தம் என்றால், நம்மூரில் பெரும்பாலும் இன்னொரு பூனையை நேரில் கொண்டுவந்துதான் ஆக வேண்டும்.

மரக்காணத்தில் இருந்து பொம்மையார்பாளையம் வரை கடலோர ஊர்களில் பூனைக்குப் பஞ்சமே இல்லை. மீன் வந்து இறங்கும் இடமெல்லாம் பூனை இருக்கும். அப்படியென்றால் ஏதாவது ஒன்றைப் பிடித்து ரத்தம் எடுத்துவிடலாமே? இங்கேதான் சிக்கலே ஆரம்பிக்கிறது.

பூனைக்கு எத்தனை ரத்த வகை?

முக்கியமாக மூன்று: ஏ, பி, ஏபி. எழுத்து நம்முடையது மாதிரியே இருந்தாலும் இது முற்றிலும் வேறு அமைப்பு. ரத்தச் சிவப்பணுக்களின் மேல் ஒட்டியிருக்கும் ஒருவகை சர்க்கரை மூலக்கூறுதான் இந்த வகையைத் தீர்மானிக்கிறது.

உலகம் முழுக்கப் பெரும்பாலான பூனைகள் ஏ வகை. பி வகை குறைவு. ஏபி மிக மிக அபூர்வம். ஆனால் இந்தக் கணக்கு ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் மாறும். அமெரிக்காவின் சாதாரண வீட்டுப் பூனைகள் கிட்டத்தட்ட எல்லாமே ஏ வகைதான். ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2005-ல் வெளியான ஓர் ஆய்விலோ, பரிசோதித்த பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கு மேல் பி வகை! சியாமீஸ் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே ஏ. பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர், டெவன் ரெக்ஸ் போன்ற இனங்களில் பி அதிகம். நம்மூரில் பலரும் ஆசையாக வளர்க்கும் பெர்சியனிலும் பி வகை உண்டு.

அதனால் "எல்லாப் பூனையும் ஏ-வாத்தான் இருக்கும்" என்று நம்பி ரத்தம் ஏற்றுவது சூதாட்டம்தான்.

'ஓ' குரூப் இல்லையா?

இல்லை. மனிதர்களுக்கு இருந்து பூனைகளுக்கு இல்லாத அந்த வசதி இதுதான். விபத்தில் அடிபட்டு வரும் ஒருவரின் ரத்த வகை தெரியாவிட்டால், அவசரத்துக்கு ஓ நெகட்டிவ் ரத்தம் ஏற்றிச் சமாளிக்கலாம். பூனைகளில் அப்படி எல்லோருக்கும் பொருந்தும் கொடையாளரே கிடையாது. ஏ-வுக்கு ஏ, பி-க்கு பி. ஏபி பூனைக்கு ஏபி கிடைக்காவிட்டால் மட்டும் ஏ வகை ரத்தத்தைக் கொடுக்கிறார்கள்.

நாய்க்கு ஏற்றுகிறார்களே... அது எப்படி?

இது நல்ல கேள்வி. நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. ஆனால் பெரும்பாலான நாய்களின் உடம்பில், வேறு வகை ரத்தத்தைக் கடுமையாகத் தாக்கும் ஆன்டிபாடிகள் பிறவியிலேயே இருப்பதில்லை. அதனால் வகை பார்க்காமல் ஏற்றினாலும் முதல் முறை பெரும்பாலும் தப்பித்துவிடும். சிக்கல் வருவது அடுத்த முறை. நாய்க்குக் கிடைக்கும் சலுகை இதுதான்.

பூனைக்கு இந்தச் சலுகை இல்லை. வேறு ரத்தத்தையே பார்த்திராத பூனையின் உடம்பிலும், எதிர் வகை ரத்தத்துக்கான ஆன்டிபாடி ஏற்கனவே தயாராக இருக்கும். அதிலும் பி வகைப் பூனைகளிடம் இருக்கும் ஆன்டிபாடி மிகவும் வீரியமானது.

ஏ வகை ரத்தத்தை பி வகைப் பூனைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? 1 மில்லி போதும், உயிரே போகலாம். சில நிமிடங்களில் ரத்த அழுத்தம் சரியும். இதயத் துடிப்பு குறையும். பூனை கத்தும், வாந்தி எடுக்கும், மூச்சு திணறும், வலிப்பு வரலாம். ஏற்றிய சிவப்பணுக்கள் சில மணி நேரம்கூடத் தாங்காமல் உடைந்துபோகும்.

பி ரத்தத்தை ஏ பூனைக்கு ஏற்றினால் இந்த அளவுக்குப் பயங்கரம் இருக்காது. ஆனால் சுமார் ரெண்டு நாளில் பாதி அணுக்கள் அழிந்துவிடும். ஏற்றியும் பலன் இல்லை. சரியான வகையைக் கொடுத்தால் அந்தப் பாதி அணுக்கள் ஒரு மாதம் வரை தாக்குப்பிடிக்கும். வித்தியாசம் புரிகிறதா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

ரத்த வகை பார்ப்பதற்கென்றே கார்டுகள் இருக்கின்றன. சில சொட்டு ரத்தம், சில நிமிடம். கர்ப்பப் பரிசோதனை கிட் மாதிரி கோடு காட்டும் ஸ்ட்ரிப்களும் உண்டு.

வகை பார்த்தால் மட்டும் போதாது. 2007-ல் 'மிக்' என்ற இன்னொரு ரத்தக் கூறு கண்டுபிடிக்கப்பட்டது. ஏ-வுக்கு ஏ சரியாக இருந்தும் பொருந்தாமல் போனதற்கான ஒரு காரணம் அப்போதுதான் தெரிந்தது. அதனால்தான் 'கிராஸ் மேட்ச்' தேவைப்படுகிறது. கொடுக்கும் பூனையின் சிவப்பணுக்களையும், வாங்கும் பூனையின் பிளாஸ்மாவையும் கலந்து பார்ப்பார்கள். திட்டுத் திட்டாகக் கட்டிக்கொண்டாலோ, அணுக்கள் உடைந்தாலோ அந்த ரத்தம் வேண்டாம் என்று அர்த்தம். முன்பே ஒரு முறை ரத்தம் ஏற்றிய பூனை என்றால், கிராஸ் மேட்ச் இல்லாமல் மறுபடி ஏற்றவே கூடாது.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. சின்ன ஊர் கிளினிக்கில் ரத்த வகை கார்டு இல்லாமல் போகலாம். ஆனால் கிராஸ் மேட்ச் செய்ய சோதனைக் குழாய், ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் மெஷின், மைக்ராஸ்கோப் இருந்தாலே போதும். உயிரைப் பறிக்கும் அதே ஆன்டிபாடி, குழாயிலேயே ரத்தத்தைத் திரிய வைத்து நம்மை எச்சரித்தும்விடும். கார்டு இல்லை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

வகை பொருந்திவிட்டது... இனி ஏற்றலாமா?

இன்னும் இல்லை. அடுத்த கேள்வி, அந்த ரத்தத்தோடு சேர்ந்து வேறு என்னவெல்லாம் போகிறது என்பது. கொடையாளர் பூனைக்குக் குறைந்தபட்சம் இந்தப் பரிசோதனைகள் அவசியம்:

- எஃப்இஎல்வி: பூனைகளுக்கு ரத்தப் புற்றுநோய், ரத்தசோகை எல்லாம் கொண்டுவரும் வைரஸ். 1964-ல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. சில பூனைகளில் இந்த வைரஸ் அடங்கிப்போய், மரபணுவுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். அப்போது சாதாரண கிட் 'நெகட்டிவ்' என்றே காட்டும். ஆனால் அந்த ரத்தத்தை ஏற்றினால் நோய் பரவலாம். அதனால்தான் கிட்டோடு நிறுத்தாமல் பிசிஆர் பரிசோதனையும் செய்யச் சொல்கிறார்கள் நிபுணர்கள்.

- எஃப்ஐவி: 'பூனை எய்ட்ஸ்' என்று சொல்கிறார்களே, அந்த வைரஸ். 1986-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்டது. முக்கியமாகக் கடி மூலம் பரவும். கிட் தேடுவது ஆன்டிபாடியை. தொற்று ஏற்பட்டு அது உருவாகவே சில வாரங்கள் ஆகும். நேற்று கடிபட்ட பூனைக்கு இன்று நெகட்டிவ் வரலாம்.

- ஹீமோபிளாஸ்மா: சிவப்பணுவின் மேலேயே ஒட்டிக்கொண்டு வாழும் பாக்டீரியா. ரத்தசோகையை உண்டாக்கும். வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் சுமந்து திரியும் பூனைகளும் உண்டு. இதை உறுதியாகக் கண்டுபிடிக்க பிசிஆர் வேண்டும்.

இதோடு, தெள்ளுப்பூச்சி மூலம் பரவும் பார்ட்டோனெல்லாவையும் பார்ப்பது நல்லது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். எஃப்ஐவி, எஃப்இஎல்வி ரெண்டும் மனிதர்களுக்குப் பரவாது. "பூனைக்கு எய்ட்ஸாம்" என்று பயந்து யாரும் பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை. எஃப்ஐவி இருக்கும் பூனை நல்ல கவனிப்போடு பல வருஷம் வாழும். ரத்தம் கொடுக்க மட்டும் கூடாது, அவ்வளவுதான்.

கடலோரப் பூனைகளிடம் இருக்கும் சிக்கல்

ரத்தம் கொடுக்க ஏற்றது வெளியே போகாத, வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை என்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள். நம்மூர் நிலவரம் உங்களுக்கே தெரியும். காலையில் வீட்டில் பால், மதியம் மீன் மார்க்கெட், ராத்திரி கூரை மேல் சண்டை. ஆரோவில்லின் மரத்தோப்பாக இருந்தாலும், மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்தாலும் வீட்டுப் பூனைக்கும் தெருப் பூனைக்கும் நடுவில் பெரிய வேலி எதுவும் கிடையாது.

சண்டை என்றால் கடி. கடி என்றால் எஃப்ஐவி அபாயம். வெளியே திரிந்தால் தெள்ளுப்பூச்சி, உண்ணி. அதாவது, ரத்தம் கொடுக்கப் பூனை நிறைய இருக்கிறது, நம்பி எடுக்கக்கூடிய பூனை குறைவு. "பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்பது பரிசோதனை ஆகாது.

இன்னொரு முக்கியமான கேள்வி: தெருப் பூனையைப் பிடித்து ரத்தம் எடுப்பது சரியா? அதன் உடல்நிலை, தடுப்பூசி எதுவும் நமக்குத் தெரியாது. எடுத்த பிறகு அதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது. ஒரு பூனையைக் காப்பாற்ற இன்னொரு பூனையைப் பலி கொடுத்த கதையாகிவிடும்.

கொடுக்கும் பூனைக்கு ஆபத்து இல்லையா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாம் ஒரு முறை ரத்ததானம் செய்தால் எடுப்பது 350 மில்லி. நாலரை கிலோ எடையுள்ள ஒரு பூனையின் உடம்பில் ஓடும் மொத்த ரத்தமே 300 மில்லிக்குள்தான்! அதிலிருந்து ஒரு முறைக்கு 50 மில்லி அளவில்தான் எடுக்க முடியும்.

வயது பொதுவாக 1 முதல் 8-க்குள் இருக்க வேண்டும். எடை 4 முதல் நாலரை கிலோவுக்கு மேல், அதுவும் கொழுப்பால் வந்த எடையாக இருக்கக் கூடாது. சினையாக இருக்கக் கூடாது. முன்பு ரத்தம் ஏற்றிக்கொண்ட பூனையாகவும் இருக்கக் கூடாது. இதய நோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். ஒரு முறை கொடுத்தால் அடுத்த முறைக்கு ரெண்டு மாதமாவது இடைவெளி வேண்டும்.

நாய் மாதிரி பூனை அசையாமல் படுத்திருக்காது. பெரும்பாலும் லேசான மயக்க மருந்து கொடுத்து, கழுத்து நரம்பிலிருந்து சிரிஞ்சில் எடுப்பார்கள். மயக்க மருந்து என்றாலே சிறு அபாயம் உண்டு. இதை உரிமையாளருக்கு முன்பே சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும்.

சிரிஞ்சில் எடுத்த ரத்தத்தை நாள் கணக்கில் சேமிக்கவும் முடியாது. காற்றுப் படாத மூடிய பைகளில் எடுக்கும் மனித ரத்தம் மாதிரி இது இல்லை, கிருமி புகுந்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். பூனைகளுக்கு ரத்த வங்கி அமைப்பது கஷ்டமாக இருப்பதற்கு இது பெரிய காரணம்.

நாய் ரத்தத்தைப் பூனைக்கு ஏற்றினார்களாமே, உண்மையா?

உண்மைதான். 2013-ல் நியூசிலாந்தில் எலி விஷத்தால் உயிருக்குப் போராடிய ஒரு பூனைக்கு, லாப்ரடார் நாயின் ரத்தத்தை ஏற்றிக் காப்பாற்றினார்கள். உலகம் முழுக்கச் செய்தியானது. பூனைகளின் உடம்பில் நாய் ரத்தத்துக்கு எதிரான ஆன்டிபாடி பொதுவாக முன்கூட்டியே இருப்பதில்லை. அதனால் முதல் முறை தாங்கிக்கொள்ளும்.

ஆனால் அந்த அணுக்கள் ஒரு வாரத்துக்குள் அழிந்துவிடும். சில நாள் கழித்து ரெண்டாவது முறை நாய் ரத்தம் ஏற்றினால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டு உயிர் போகலாம். 'ஆபத்துக்குப் பாவம் இல்லை' என்பார்களே, அந்தக் கணக்கு. வேறு வழியே இல்லாதபோது, வாழ்நாளில் ஒரே ஒரு முறை, டாக்டர் முடிவு செய்தால் மட்டும். வீடியோ பார்த்துவிட்டு நாமாகக் கேட்டு வாங்கும் சிகிச்சை கிடையாது.

மத்திய அரசு என்ன சொல்கிறது?

'ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும்' என்பது பழமொழி. அந்தக் காலம் 2025 ஆகஸ்டில் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. விலங்குகளுக்கான ரத்த வங்கி, ரத்தம் ஏற்றுதல் குறித்த முதல் தேசிய வழிகாட்டுதலை மத்திய கால்நடை பராமரிப்பு மற்றும் பால்வளத் துறை அப்போது வெளியிட்டது.

அதில் இருக்கும் முக்கிய அம்சங்கள்: ரத்த வகை பார்ப்பதும் கிராஸ் மேட்ச் செய்வதும் கட்டாயம். கொடையாளர் விலங்கின் வயது, எடை, தடுப்பூசி, நோய்ப் பரிசோதனைக்கு வரையறை வேண்டும். பணம் வாங்காமல் தன்னார்வமாகக் கொடுக்க வேண்டும். கொடையாளர் விலங்கின் உரிமைகளும் அதில் இடம்பெற்றுள்ளன. ரத்த வங்கிகளை நாடு முழுக்க இணைக்கும் டிஜிட்டல் வலையமைப்பும் திட்டத்தில் இருக்கிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது சட்டம் இல்லை, வழிகாட்டுதல் மட்டுமே. ஒரு கிளினிக் பின்பற்றாவிட்டால் தண்டனை என்று எதுவும் இல்லை. மாநிலங்கள் கையில் எடுத்தால்தான் உயிர் பெறும். விழுப்புரம் மாதிரி மாவட்டங்களில் எந்த மருத்துவமனையில் பூனைக்கு ரத்த வகை பார்க்கலாம், எங்கே பிசிஆர் செய்யலாம் என்ற பட்டியல் மக்கள் கைக்கு வர வேண்டும். இல்லையென்றால் 'பூனைக்கு யார் மணி கட்டுவது' என்ற கதைதான்.

குட்டி போடும் வீடுகளில் கவனம்!

பெர்சியன் மாதிரி பூனைகளை இனப்பெருக்கம் செய்பவர்களுக்கு ரத்த வகை இன்னொரு விதத்திலும் முக்கியம். தாய் பி, தகப்பன் ஏ என்றால் குட்டிகள் ஏ வகையாகப் பிறக்கலாம். நன்றாகப் பிறந்த குட்டி, தாயின் முதல் பாலைக் குடித்ததும் துவண்டுபோகும். சிறுநீர் அடர் சிவப்பாகும். ஓரிரு நாளில் இறந்துவிடும். தாய்ப்பாலில் வரும் ஆன்டிபாடி குட்டியின் ரத்தத்தையே தாக்குவதுதான் காரணம். "தாய் பால் சேரலை", "திருஷ்டி பட்டுடுச்சு" என்று கடந்துபோகும் சில மரணங்களுக்குப் பின்னால் இது இருக்கலாம். ஜோடி சேர்க்கும் முன்பே ரத்த வகை பார்த்தால் தவிர்த்துவிடலாம்.

நீங்கள் இப்போதே செய்ய வேண்டியது என்ன?

1. அடுத்த முறை தடுப்பூசிக்கோ கருத்தடைக்கோ போகும்போது, "ரத்த வகை பார்க்க முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். கருத்தடைக்கு முன் எப்படியும் ரத்தம் எடுப்பார்கள் என்றால், அதிலேயே பார்த்துவிடலாம். முடிவைத் தடுப்பூசி அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

2. எஃப்ஐவி, எஃப்இஎல்வி பரிசோதனையையும் அப்போதே செய்துவிடுங்கள்.

3. உங்களுக்கு அருகில் ரத்த வகை கார்டு, கிராஸ் மேட்ச் வசதி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டு வையுங்கள். ஆரோவில், மரக்காணம் பகுதியினருக்குப் பக்கத்தில் புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவசரம் வந்த பிறகு கேட்பதைவிட இன்றைக்கே கேட்பது நல்லது.

4. பூனை வளர்க்கும் நாலு வீடு சேர்ந்து, வெளியே போகாத ஆரோக்கியமான பூனைகளின் பட்டியல் ஒன்று போடுங்கள். பெயர், எடை, வயது, ரத்த வகை, கடைசியாகப் பரிசோதித்த தேதி. அவ்வளவுதான், உங்கள் ஊர் 'ரத்த வங்கி' தயார்.

5. ரத்தம் தேவைப்படும் நிலையே வராமல் பாருங்கள். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது, ஒரே மாத்திரைகூட பூனையைக் கொன்றுவிடும். வெங்காயம், பூண்டு சேர்த்த சாப்பாடும் சிவப்பணுக்களை உடைக்கும். குட்டிகளுக்குத் தெள்ளுப்பூச்சி அதிகமானாலே ரத்தசோகை வரும். எலி விஷம் வைத்த வீட்டில் பூனையை விடாதீர்கள்.

6. வாரம் ஒரு முறை ஈறு நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மஞ்சளாக இருந்தாலோ, பூனை மூச்சு வாங்கினாலோ காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மறுபடியும் அந்த மெசேஜ்...

ஆரம்பத்தில் பார்த்தோமே, அந்த வாட்ஸ்அப் மெசேஜ். அது இப்படி இருந்தால் எப்படி இருக்கும்?

"அவசரம்! பி வகை ரத்தம் தேவை. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை, வயது 1 முதல் 8, எடை நாலரை கிலோவுக்கு மேல். எஃப்ஐவி, எஃப்இஎல்வி, ஹீமோபிளாஸ்மா நெகட்டிவ் ரிப்போர்ட் இருந்தால் நல்லது. கிராஸ் மேட்ச் செய்த பிறகே எடுப்பார்கள்."

ரெண்டு வரிதான் கூடுதல். ஆனால் இதை எழுத வேண்டுமென்றால், பூனை நன்றாகத் துள்ளி விளையாடிக்கொண்டிருக்கும் நாளிலேயே அதன் ரத்த வகை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ரத்த வகை எழுதியிருக்கிறதா?